வாரத்துக்கு நாலு மணி நேரம் விளையாடுகிறவருக்கு எந்த கன்சோல்?

5 ஏப்ரல் 2025

கேள்வி: "கையில் ஐம்பதாயிரம் சேர்ந்திருக்கிறது. வேலை, வீடு போக வாரத்துக்கு நாலு மணி நேரம் கிடைத்தால் பெரிது. சோனியின் பிஎஸ்5 வாங்கிவிடவா, ஜூனில் வரும் நின்டெண்டோவின் ஸ்விட்ச் 2-க்குக் காத்திருக்கவா? டெராஃப்ளாப் கணக்கெல்லாம் வேண்டாம், நேராகச் சொல்லுங்கள்."

நேராகவே கேட்கிறேன். உங்கள் வீட்டில் டிவி யாருடையது?

கிண்டல் இல்லை. எங்கள் வீட்டில் ஹால் டிவி மாலை ஆறரையிலிருந்து பத்து மணி வரை மாமியாருடையது. ஐபிஎல் நடக்கும் இரண்டு மாதம் மட்டும் மாமனார் பங்கு கேட்பார், கேட்டு வாங்கியும் விடுவார். பத்து மணிக்கு மேல் டிவி காலிதான், ஆனால் மாமனார் ஹாலிலேயே படுத்துக்கொள்வதால் சத்தம் வைக்க முடியாது. டிவிக்குக் கீழே என் பிஎஸ்4 இருக்கிறது, அதன் தலையில் செட்டாப் பாக்ஸும் ஒரு பிள்ளையாரும் உட்கார்ந்திருக்கிறார்கள். நான் உண்மையில் விளையாடுவதெல்லாம் பாப்பா தூங்கின பிறகு கட்டிலில் சாய்ந்துகொண்டு, செகண்ட் ஹேண்டில் வாங்கிய ஸ்விட்ச் லைட்டில்தான், கையில் வைத்து மட்டும் ஆடும் சின்ன ஸ்விட்ச் அது.

கன்சோல் விமர்சனம் எழுதுகிறவர்களைப் பார்த்தால் எல்லாருக்கும் தனி அறையும் ஐம்பத்தைந்து இன்ச் டிவியும் இருப்பது போலத்தான் எழுதுகிறார்கள். நம் வீடுகளில் எத்தனை ஃப்ரேம் ஓடுகிறது என்பது இரண்டாவது கேள்வி. எந்த மணிக்கு, எந்த இடத்தில் உட்கார்ந்து விளையாடப் போகிறோம் என்பதுதான் முதல் கேள்வி.

5 ஏப்ரல், பின்னிரவு

"டிவி என்னுடையதுதான், தனியாக இருக்கிறேன்" என்று பதில். கொடுத்து வைத்தவர்.

அப்படியென்றால் பிஎஸ்5. அது இங்கே முறையாக விற்கிறது, பில் உண்டு, வாரண்டி உண்டு, பழைய டிஸ்க் மாற்றிக்கொள்ள ஊருக்கு ஊர் ஆள் இருக்கிறார்கள். பிஎஸ்4 கேம்களில் பெரும்பாலானவை அதில் ஓடும், அதனால் முதல் வருடம் புது கேமே வாங்காமல் பழைய டிஸ்க்கிலேயே ஓட்டலாம். நின்டெண்டோவுக்கு இந்தியாவில் அதிகாரபூர்வமான விற்பனையே கிடையாது. ஸ்விட்ச் எல்லாமே வெளியிலிருந்து வந்த சரக்கு. ரிப்பேர் ஆனால் தெரு ஓரத்து மொபைல் கடைக்காரர்தான் சர்வீஸ் சென்டர். ஆன்லைன் கடையில் இந்தியா என்ற நாடே இல்லை, வேறு நாட்டுக் கணக்கு திறந்து கிஃப்ட் கார்டு வாங்கித்தான் ஓட்டுகிறோம்.

இதெல்லாம் தெரிந்தும் நான் ஏன் ஸ்விட்ச் வைத்திருக்கிறேன் என்றால், மேலே சொன்ன மாமியார்.

6 ஏப்ரல்

ஸ்விட்ச் 2 அறிவிப்பைப் பொறுமையாகப் பார்த்தேன். 449.99 டாலர். அதற்கான ரேஸ் கேம் மாரியோ கார்ட் வேர்ல்ட் மட்டும் 79.99 டாலர். இதில் எனக்கு எரிச்சல் மூட்டியது கன்சோலின் விலை இல்லை. வெல்கம் டூர் என்று ஒன்று வைத்திருக்கிறார்கள், இந்த கன்சோல் என்னென்ன செய்யும் என்று நமக்குச் சொல்லித்தரும் கேம், அதற்கு 9.99 டாலர்! பிஎஸ்5 வாங்கினால் ஆஸ்ட்ரோ'ஸ் பிளேரூம் உள்ளேயே இலவசமாக இருக்கும், அதுவும் கன்ட்ரோலர் என்னவெல்லாம் செய்யும் என்று காட்டத்தான், ஆனால் அது நல்ல கேமாகவும் இருக்கிறது. வீ (Wii) என்ற தன் பழைய கன்சோலில் வீ ஸ்போர்ட்ஸ் என்ற கேமை ஜப்பான் போகப் பெரும்பாலான நாடுகளில் பெட்டியோடு இலவசமாகக் கொடுத்த கம்பெனிதான் இந்த நின்டெண்டோ. அந்த பௌலிங்குக்காகவே வீ வாங்கிய வீடுகள் எத்தனையோ.

இன்னொன்று. ஜப்பானில் 49,980 யென் என்று பார்த்துவிட்டு, முப்பதாயிரம் ரூபாய்க்குள் வருகிறதே என்று யாரும் அங்கிருக்கும் நண்பரிடம் சொல்லிவிடாதீர்கள். அந்த விலைக்கு வருவது ஜப்பானிய மொழி மட்டும் உள்ள மாடல், ஜப்பான் கணக்கு மட்டும்தான் அதில் ஏறும். எல்லா மொழியும் உள்ளது 69,980 யென். இந்தக் கணக்கு தெரியாதவர் தலையில் கட்ட ஆள் இருப்பார்கள்.

9 ஏப்ரல்

"கேஷுவல் கேமர் என்றால் மொபைல் போதுமே, கன்சோல் எதற்கு" என்று ஒரு தம்பி கேட்டிருக்கிறார். மொபைலில் விளையாடுகிற நேரத்தில் பாதி, ஏதாவது வாங்கு வாங்கு என்று கேட்பதை மூடிக்கொண்டிருப்பதிலேயே போகிறது தம்பி. நடுவில் ஆபீஸ் வாட்ஸ்அப் வேறு. ஸ்விட்ச் லைட்டில் எனக்குப் பிடித்த ஒரே விஷயம், அதில் வாட்ஸ்அப் இல்லை.

20 ஏப்ரல்

பேச்சு எங்கெங்கோ போய் கிரிக்கெட்டில் வந்து நிற்கிறது, நல்லது.

என் கணவருக்கு கன்சோலே தேவையில்லை. அவருக்கு உலகத்தில் ஒரே கேம்தான், இஏ என்ற கம்பெனி செய்த இஏ கிரிக்கெட் 07. 2006 நவம்பரில் வந்தது, அதன்பிறகு இஏ அந்த வரிசையையே நிறுத்திவிட்டது. உரிமம் வாங்காததால் இந்திய வீரர்களின் பெயர்கள் எல்லாம் அதில் திரிந்துதான் வரும். ஆனால் ரசிகர்கள் விடவில்லை. ஒவ்வொரு ஐபிஎல் சீசனுக்கும் புது ஜெர்சி, புது டீம், புது முகம் என்று பேட்ச் போட்டுக்கொண்டே இருக்கிறார்கள். பழைய லேப்டாப், கீபோர்டு, அவ்வளவுதான். ஷிஃப்டை அழுத்தி ஏறி வந்து பௌலர் தலைக்கு மேல் தூக்குகிற அந்த ஒரே ஷாட்டை வைத்துக்கொண்டு காலேஜ் காலத்திலிருந்து ஓட்டுகிறார். ஐம்பது ஓவரில் எண்ணூறு அடித்துவிட்டு, ஏதோ உழைத்த களைப்போடு வந்து படுப்பார்.

புது கன்சோல் பேச்சு வரும்போதெல்லாம் எனக்கு அவர் ஞாபகம்தான் வரும். புதுசு வேண்டும் என்ற ஆசை கேம் விளையாடும் ஆசையிலிருந்து வேறு. அவருக்கு இரண்டாவது மட்டும் இருக்கிறது. எனக்கு இரண்டும் இருக்கிறது, அதுதான் செலவு.

10 ஜூன்

ஜூன் 5 வந்தது, முதல் நாலு நாளில் 35 லட்சம் ஸ்விட்ச் 2 விற்றுவிட்டதாம். விலையைப் பற்றி இணையம் முழுக்கக் கத்தியவர்களும் அந்த வரிசையில் நின்றிருப்பார்கள் என்பது என் யூகம்.

கேள்வி கேட்டவர் இன்னும் எதுவும் வாங்கவில்லையாம். நல்லது, ஐம்பதாயிரம் பாங்கில் தூங்கட்டும்.

6 ஜூலை

டிஸ்க்கா, டிஜிட்டலா என்று கேட்டவருக்கு.

என் பதில் டிஸ்க். காரணம் ரொம்பச் சாதாரணம்: முடித்ததும் விற்கலாம். பிஎஸ்5 வந்தபோது சோனியின் பெரிய கேம்களுக்கு இங்கே 4,999 ரூபாய் வைத்தார்கள். டிஸ்க்காக வாங்கி, முடித்து, நல்ல விலைக்கு யாரிடமாவது தள்ளிவிட்டால் அந்த அடி பாதியாகக் குறையும். டிஜிட்டலில் வாங்கினால் அது நம்மோடு சாகிறது, அல்லது நமக்கு முன்னால் சாகிறது. தி க்ரூ என்ற கார் ரேஸ் கேமை 2024 மார்ச் 31-ஆம் தேதி சர்வரை நிறுத்தி மூடிவிட்டார்கள். காசு கொடுத்து டிஸ்க் வாங்கியவர்கூட இன்று அதை விளையாட முடியாது. அதிலிருந்து கிளம்பியதுதான் கேம்களைக் கொல்லாதே என்ற ஐரோப்பியக் கையெழுத்து இயக்கம், இந்த வாரம் பத்து லட்சத்தைத் தாண்டிவிட்டது.

ஸ்விட்ச் 2-இல் இன்னொரு கூத்து, கேம் கீ கார்டு. பெட்டி வாங்குகிறீர்கள், உள்ளே கார்டு இருக்கிறது, கார்டுக்குள் கேம் இல்லை. சாவி மட்டும்தான். கேமை இணையத்திலிருந்து டவுன்லோட் செய்ய வேண்டும், அதற்குப் பிறகும் ஒவ்வொரு தடவையும் கார்டைச் சொருகினால்தான் ஓடும். இரண்டு முறையிலும் இருக்கும் கஷ்டத்தை மட்டும் பொறுக்கியெடுத்து ஒன்றாகக் கட்டியிருக்கிறார்கள். ஒரே ஆறுதல், அதையும் மறுவிற்பனை செய்யலாம். எல்லாரும் இப்படி இல்லை, சைபர்பங்க் 2077-ஐ 64 ஜிபி கார்டில் முழுசாகவே கொடுத்திருக்கிறார்கள். மனசு இருந்தால் முடியும்.

ஸ்டோரேஜ் பற்றி யாரோ கேட்டிருந்தீர்கள். உள்ளே 256 ஜிபி. கூடுதலாக வேண்டுமானால் மைக்ரோஎஸ்டி எக்ஸ்பிரஸ் கார்டுதான் வேலை செய்யும். பழைய ஸ்விட்ச்சில் போட்டிருந்த சாதாரண கார்டிலிருந்து, அங்கே எடுத்து வைத்த படத்தையும் வீடியோவையும் மட்டும் இதற்கு மாற்றிக்கொள்ளலாம், கேம் ஓடாது.

27 ஜூலை

ஸ்விட்ச் 2-ஐக் கையில் பிடித்துப் பார்த்துவிட்டேன். சித்தி பையன் அமெரிக்காவிலிருந்து லீவுக்கு வந்திருக்கிறான், அவன் பையில் இருந்தது.

திரை 7.9 இன்ச், நன்றாகப் பெரிசு. ஜாய்-கான், அதாவது இரண்டு பக்கமும் மாட்டும் கன்ட்ரோலர், காந்தத்தில் டக்கென்று ஒட்டுகிறது, பிடுங்கி ஒட்டி, பிடுங்கி ஒட்டி நானே அதில் கொஞ்ச நேரம் செலவழித்தேன். ஜாய்-கானைச் சாய்த்துத் தொடையில் வைத்து மவுஸ் மாதிரி நகர்த்தலாம் என்றான், சுடிதார் துணியிலேயே வேலை செய்தது. ஆனால் படுத்துக்கொண்டு விளையாடிப் பாருங்கள்! லைட் 275 கிராம், இது ஜாய்-கானோடு 534 கிராம். தூக்கம் சொக்கும்போது லைட் மூக்கில் விழுந்தால் எழுந்து சிரித்துக்கொள்ளலாம். இது விழுந்தால் மூக்குக்கு வாரண்டி வேண்டும். பேட்டரி இரண்டிலிருந்து ஆறரை மணி நேரம் என்று சொல்கிறார்கள். புது டாங்கி காங் கேம் போட்டோம், பாப்பாவும் அவனும் மாற்றி மாற்றிச் சுவரை இடித்துக்கொண்டே இருந்தார்கள், சாப்பாட்டுக்குக் கூப்பிடுவதற்குள் சார்ஜர் தேட வேண்டியிருந்தது.

மாரியோ கார்ட் அற்புதம். அதில் மட்டும் வார்த்தை இல்லை. கன்சோலை டிவியோடு இணைக்கும் டாக்கை ஹால் டிவியில் சொருகி நாலு பேர் விளையாடினோம், ஞாயிற்றுக்கிழமை மதியம் என்பதால் சீரியல் இல்லை. மாமனார்கூட ஒரு ரேஸ் ஓட்டினார். எதிர்த் திசையில்.

இப்போது ஏப்ரலில் எழுதியதைத் திரும்பப் படிக்கிறேன். கையில் வைத்து விளையாடுகிறவருக்கு ஸ்விட்ச் 2 என்று அதில் ஒரு சாய்வு இருக்கிறது. இன்றைக்கு அதில் பாதிதான் மிஞ்சுகிறது. கட்டிலுக்கு லைட்தான், புதுசு தேவையில்லை. வீட்டில் எப்போதாவது டிவி காலியாகி, நாலு பேர் கூடினால், அந்த மதியங்களுக்குத்தான் ஸ்விட்ச் 2.

22 ஆகஸ்ட்

அமெரிக்காவில் நேற்றிலிருந்து பிஎஸ்5 விலை 50 டாலர் ஏறிவிட்டது. ஸ்விட்ச்சின் பழைய மாடல்களுக்கும் இந்த மாதம் அங்கே ஏற்றினார்கள். எக்ஸ்பாக்ஸ் மே மாதமே ஏற்றியது.

"கொஞ்சம் பொறு, விலை இறங்கும்" என்பது கேமர்களின் பரம்பரைச் சொத்து. பிஎஸ்2 வெளிவந்தபோது அமெரிக்காவில் 299 டாலர், 2009 ஏப்ரலில் 99 டாலர். பிஎஸ்3 599-இல் ஆரம்பித்து மூன்று வருடத்தில் ஸ்லிம் மாடல் 299-க்கு வந்தது. சிப் சிறிசாகும், தயாரிப்புச் செலவு குறையும், விலை இறங்கும், நம்மைப் போல எப்போதாவது விளையாடுகிறவர்கள் அப்போதுதான் உள்ளே வருவோம். இந்த முறை அது நடக்கவில்லை. இந்தியாவிலேயே பாருங்கள், 2021 பிப்ரவரியில் 49,990 ரூபாய்க்கு வந்த டிஸ்க் மாடல் 2022 நவம்பரில் 54,990 ஆனது. நாலு வருடப் பழைய பெட்டிக்கு இன்னும் விழாக்காலத் தள்ளுபடியை எதிர்பார்த்துத்தான் உட்கார்ந்திருக்கிறோம். சிப் இப்போது முன்போல் மலிவாவதில்லை, போதாததற்கு அங்கே இறக்குமதி வரி.

ஆகவே கேள்வி கேட்டவரே, உங்களைப் பொறுத்திருக்கச் சொன்னதில் எனக்கு இப்போது உற்சாகம் இல்லை. தீபாவளிக்குத் தள்ளுபடி வந்தால் வாங்கிவிடுங்கள்.

பிஎஸ்5-இன் வேகமான மாடலான பிஎஸ்5 ப்ரோவைப் பற்றிக் கேட்டவர்களுக்கு: வெளிவந்தபோது 699.99 டாலர், நேற்றைய ஏற்றத்தில் அதுவும் 749.99 ஆகிவிட்டது, டிஸ்க் டிரைவ் இல்லை, நிற்க வைக்கும் ஸ்டாண்டும் தனி. இந்தியாவுக்கு வராததற்குச் சோனி சொன்ன காரணம், அதன் வைஃபை 7 பயன்படுத்தும் 6 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு அப்போது இங்கே அனுமதி இல்லாதது. வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை அரசாங்கம் என் பர்ஸைக் காப்பாற்றியிருக்கிறது.

6 செப்டம்பர்

ரொம்ப நாளாக எல்லாரும் காத்திருந்த சில்க்சாங் கேம் 4-ஆம் தேதி வந்தது. கம்ப்யூட்டர் கேம் விற்கும் ஸ்டீம் முதற்கொண்டு ஆன்லைன் கடைகள் எல்லாம் ஒரே நேரத்தில் படுத்துவிட்டன. விலை 20 டாலர். பழைய ஸ்விட்ச்சிலும் ஓடுகிறது, லைட்டிலும் ஓடுகிறது. இதை நான் சும்மா சொல்லவில்லை. இந்த வருடம் எல்லாரும் பேசுகிற கேம்களில் ஒன்று, 2017-இல் வந்த கன்சோலின் சிப்பில் ஓடுகிறது.

கஷ்டமோ கஷ்டம். ஒரு தட்டுக்கு இரண்டு உயிர் போகிறது. செத்த இடத்துக்குத் திரும்பி ஓடும் தூரம் வேறு. பாப்பா பக்கத்தில் உட்கார்ந்து, "அம்மா, நீ ஏன் அதையே திரும்பத் திரும்பப் பண்றே" என்றாள். பதில் இல்லை.

7 செப்டம்பர்

விட்டுவிட்டேன். வாரத்துக்கு நாலு மணி நேரம் இருக்கிறவர் அதில் மூன்று மணி நேரத்தைத் தோற்பதற்குக் கொடுக்க முடியாது.

12 செப்டம்பர்

இல்லை, மறுபடி எடுத்தேன். அப்டேட் வந்து ஆரம்பத்தில் வரும் பாஸ்களில், அதாவது பெரிய எதிரிகளில், சிலரைக் கொஞ்சம் தணித்திருக்கிறார்கள். ஒருவரைத் தாண்டிவிட்டேன். அலறியதில் மாமனார் எழுந்து வந்து என்னம்மா ஆச்சு என்றார்.

3 அக்டோபர்

மாதக் காசு கட்டினால் நிறைய கேம் விளையாட விடும் எக்ஸ்பாக்ஸ் சந்தா, கேம் பாஸ் அல்டிமேட், அமெரிக்காவில் 19.99-இலிருந்து 29.99 டாலர். ஒரே தாவலில் பாதி விலை கூடிவிட்டது. மாதச் சந்தா வாங்கினால் சோம்பேறிக்கு லாபம் என்று ஒரு காலத்தில் சொல்வார்கள், எனக்கு எப்போதுமே நஷ்டம்தான். பரீட்சை மாதம், கல்யாண மாதம் என்று தொடாமலே போகும் மாதங்களுக்கும் காசு போய்க்கொண்டிருக்கும். ஒரு கேம் வாங்கி மெதுவாக முடிப்பதுதான் நமக்கு.

26 அக்டோபர்

மழை, மத்தியான நேரம், கரண்ட் இல்லை, சீரியலும் இல்லை. வெண்பா கேமைத் திறந்தேன். டொரன்டோவில் இருக்கும் சிறிய குழு செய்தது, 2023 ஜூலையில் வந்தது. எண்பதுகளில் கனடாவுக்குப் போன ஒரு தமிழ்க் குடும்பம், அம்மா வெண்பா, அப்பா பாவலன், பையன் கவின். கதை நகர்வது சமையலில். வெண்பாவின் அம்மாவுடைய பழைய சமையல் நோட்டு கிழிந்தும் அழிந்தும் இருக்கிறது, விட்டுப்போன படியை நாம்தான் ஊகித்துச் செய்ய வேண்டும். அடுத்த வருடம் பிரிட்டனின் பாஃப்டா விருதுகளில் அறிமுக கேம் விருது வாங்கியது.

முதல் சமையல் இட்லி. நான் தட்டை அடுக்கிக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து மாமியார் எட்டிப் பார்த்து, "அப்படி வெச்சா ஆவி எப்படி மேலே போகும்?" என்றார். அவர் என் கையிலிருக்கும் திரையைப் பார்த்துப் பேசிய முதல் வாக்கியம் அது. மெஷினை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார், கண்ணாடியை நெற்றிக்குத் தள்ளிக்கொண்டு, எந்தப் பட்டன் என்று மட்டும் என்னைக் கேட்டுக்கொண்டே இருந்தார். புட்டுக்குழலில் தேங்காயும் மாவும் எந்த வரிசையில் போக வேண்டும் என்பதில் கேமோடு அவருக்குச் சிறிய கருத்து வேறுபாடு. பையன் கொஞ்சம் வளர்ந்து அம்மாவிடம் முகம் கொடுத்துப் பேசாத இடத்தில், "எல்லாப் பையனும் இப்படித்தான்" என்று சொல்லிவிட்டு என் கணவர் இருந்த அறைப் பக்கம் ஒரு பார்வை.

ஓரிரு மணி நேரத்தில் முடிந்துவிடும் கேம். ஸ்விட்ச்சிலும் ஓடும், பிஎஸ்5-இலும் ஓடும்.

7 நவம்பர்

எல்லாரும் காத்திருக்கும் ஜிடிஏ 6 கேம் மறுபடி தள்ளிப்போனது, 2026 நவம்பர் 19-ஆம் தேதிக்கு. முதலில் இந்த வருடக் கடைசி என்றார்கள், அப்புறம் அடுத்த மே. இதற்காக பிஎஸ்5 வாங்கி வைத்திருக்கும் என் தம்பி இப்போது அதில் யூடியூப் பார்க்கிறான்.

8 நவம்பர்

கேள்வி கேட்டவர் திரும்பி வந்தார்! தீபாவளித் தள்ளுபடியில் பிஎஸ்5 வாங்கிவிட்டாராம். அடுத்த மாதம் கல்யாணமாம். முதலிலேயே இதைச் சொல்லியிருந்தால் இத்தனை மாதப் பேச்சே வேறு மாதிரி போயிருக்கும் ஐயா.

இட் டேக்ஸ் டூ என்ற கேமை வாங்குங்கள். இரண்டு பேர் சேர்ந்தால்தான் ஓடும், தனியாக ஆடவே முடியாது. அதே குழுவின் ஸ்ப்ளிட் ஃபிக்‌ஷனும் அப்படித்தான். இன்னொரு கன்ட்ரோலர் கட்டாயம் வேண்டும், அதைப் பட்ஜெட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள். வரப்போகிறவருக்கு கேம் பழக்கம் இல்லையென்றால் முதல் நாள் கேமரா திருப்பத் தெரியாமல் வானத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார். அப்போது சிரிக்கக் கூடாது.

16 டிசம்பர்

செகண்ட் ஹேண்ட் ஸ்விட்ச் லைட் வாங்கப் போகிறேன், சென்னை ரிச்சி தெரு எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் என்ன பார்க்க வேண்டும் என்று ஒரு தங்கை கேட்டிருக்கிறார்.

ஆன் செய்ததும் செட்டிங்ஸில் கன்ட்ரோலர் பகுதிக்குப் போய் ஸ்டிக் கேலிப்ரேஷனை, அதாவது ஸ்டிக் சரியாக நிற்கிறதா என்று காட்டும் பக்கத்தை, திற. ஸ்டிக்கைத் தொடாமல் விடு. நடுவில் இருக்கும் புள்ளி அசையாமல் நிற்க வேண்டும், ஓரமாக நகர்ந்தால் வேண்டாம். ஸ்டிக்குக்கு அடியில் கரிப் பூச்சின் மேல் சிறிய முள் உரசிக்கொண்டே இருக்கும், தேயத் தேய தானாகவே ஒரு பக்கம் இழுக்கும். லைட்டில் ஜாய்-கான் கழலாது, அதனால் ஸ்டிக் போனால் மெஷினையே திறந்துதான் மாற்ற வேண்டும். காந்தத்தில் வேலை செய்யும் ஸ்டிக்கை மாற்றிப் போட்டுத் தருகிறவர்கள் இருக்கிறார்கள், அது தேயாது.

அப்புறம் ஒரு கேம் கார்டை நீயே எடுத்துப் போ, சொருகி ஓடுகிறதா பார். சார்ஜ் போட்டு ஒயரை லேசாக ஆட்டிப் பார். பழைய ஆளின் கணக்கு உள்ளே இருந்தால் உன் எதிரிலேயே அழித்துத் தரச் சொல். நான் வாங்கிய கடையில் "எல்லாம் செக் பண்ணியாச்சு மேடம்" என்று மூன்று தடவை சொன்னார், வீட்டுக்கு வந்து பார்த்தால் ஒலி பட்டன் ஒரு பக்கம்தான் அமுங்கியது. இன்றுவரை சத்தத்தைக் குறைக்க மெனுவுக்குள் போய்க்கொண்டிருக்கிறேன். பட்டன் எல்லாவற்றையும் அழுத்திப் பார், வெட்கப்படாதே.

கேம் கார்டு வாயில் வைத்தால் கசக்கும், குழந்தைகள் விழுங்காமல் இருக்க வேண்டுமென்றே கசப்புப் பூசியிருக்கிறார்கள். அது ஒரிஜினலா என்று நக்கிப் பார்க்கச் சொல்லும் ஆளும் அங்கே உண்டு. நீ நக்காதே, எத்தனை பேர் நக்கினார்களோ.